கேட்ட வாக்கியம் மட்டும்

எங்கள் அகராதி ஆபீசில் எனக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, பிடிக்காத அட்டைகளைக் குறுக்கே கிழித்துக் கூடையில் போடுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பூங்காற்று என்றா வைப்பார்கள்?

எங்கள் வேலை இதுதான். ஆங்கிலப் பேச்சுவழக்கில் புழங்கும் வினைகளுக்குத் தமிழில் பொருள் எழுத வேண்டும். கிவ் அப், ஷோ ஆஃப், ஹேங் அவுட் என்று இரண்டு சொல் சேர்ந்து சம்பந்தமே இல்லாத மூன்றாவது அர்த்தம் ஒன்றைத் தருமே, அந்த வகையறா. ஒரு வினைக்கு ஓர் அட்டை. முன்பக்கம் பொருளும் இரண்டு வாக்கியங்களும் வரும். ஒன்று உடன்பாடு, ஒன்று எதிர்மறை. பின்பக்கம் அந்த வாக்கியத்தை யார் சொல்லி, எங்கே, எந்தத் தேதியில் கேட்டோம் என்ற குறிப்பு இருக்கும். உட்கார்ந்து யோசித்து எழுதிய வாக்கியம் இங்கே செல்லாது. மனுஷர் வாயிலிருந்து வந்து நம் காதில் விழுந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான். 'அவன் தினமும் பள்ளிக்குச் செல்கிறான்' என்று உயிரில்லாமல் எழுதி வைக்கிற அகராதிகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கிழிப்பு அநியாயம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தேன். வாக்கியம் கேட்ட அன்றே குறித்த நோட்டை எடுத்துக்கொண்டு என் தம்பியிடம் போகலாம். அவன் அதே ஆபீசில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பக்கம் அமைப்பவன். நோட்டில் தேதி சரியாக இருந்தால் அட்டையை ஒட்டி எனக்கே திருப்பி அனுப்பிவிடுவான். அவன் முடிவுதான் கடைசி. கூடப் பிறந்தவளாயிற்றே, அக்காவுக்குத்தான் பரிந்து பேசுவான் என்று யாராவது நினைத்திருந்தால் நன்றாக ஏமாந்திருப்பார்கள்.

மூன்று வருஷமாக அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், மூன்று நாள் ஆபீஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். அம்மா அப்பா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். என் வீட்டுக்காரரின் ரத்த வகை அவனுக்குப் பொருந்தாது. என்னுடையது பொருந்தும்.

அன்று செவ்வாய்க்கிழமை. சி எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பட்டியலைப் பார்த்த தம்பி தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டினான்.

"அக்கா, சிக்கன் அவுட்னா என்ன? கடையில சிக்கன் தீர்ந்துபோச்சுன்னு போர்டு மாட்டுறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். "உன் வேலையைப் பாருடா," என்றேன் நானும் சிரித்துக்கொண்டே.

பதினோரு மணிக்கு அந்த அட்டை என் கைக்கு வந்தது. எழுதியவள் புதுசு. வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகிறது, அதனால் அவளுக்கு அந்தப் பெயர். துறுதுறுவென்று இருப்பாள். பஸ்ஸில், கடையில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் கையில் ஒரு சின்ன நோட்டு. இங்கே சேருவதற்கு முன்பிருந்தே அந்தப் பழக்கமாம். அதற்காகவே அவளை வேலைக்கு எடுத்தேன்.

சிக்கன் அவுட். பொருள்: கோழைத்தனமாகப் பின்வாங்கு. செய்வதாக ஒப்புக்கொண்ட ஒன்றைக் கடைசி நேரத்தில் பயந்து செய்யாமல் விடு. பேச்சு வழக்கு. சரி, நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே கீழே போனேன். ஆங்கில வாக்கியமும் அதற்கடியில் தமிழும் இருந்தன.

'அந்த அக்கா கடைசி நாளில் சிக்கன் அவுட் செய்துவிட்டாள். அவள் உடம்பு ஏற்காது என்று தம்பியிடம் நாங்களே சொல்லிவிட்டோம்.'

அட்டையைத் திருப்பினேன். சொன்னவர்: என் ஓரகத்தி, மருத்துவமனையில் சிறுநீரக மாற்றுப் பிரிவில் உதவியாளர். கேட்ட இடம்: வீடு. தேதி: மார்ச் பதினொன்று.

மார்ச் பதினொன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். தேதி மாறவில்லை. அந்த அக்கா நான்தான்.

எட்டு மாசத்துக்கு முன்னால் நடந்தது. எல்லாப் பரிசோதனையும் முடிந்து, எல்லாம் பொருந்தி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. ஆபீசில் யாருக்கும் சொல்லவில்லை. நல்லபடியாக நடந்து முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். கடைசியாக ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த அறைக்குள் தானம் கொடுப்பவரைத் தனியாகத்தான் கூப்பிடுவார்கள். தம்பி தாழ்வாரத்தில் நின்றான். படிவத்தைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வாசிக்கிற வியாதி. ஏழாவது விதி: மயக்க மருந்தால் மிக அரிதாக உயிரிழப்பு ஏற்படலாம் என்பதை நான் அறிவேன். அதையே ஆறு தடவை வாசித்தேன். பேனா கையிலிருந்து நழுவிவிட்டது.

அங்கிருந்த அதிகாரி அம்மாள் நல்ல மாதிரி. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பயமா இருக்கா?"

தலையாட்டினேன்.

"வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. தப்பே இல்ல. ஏன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். மருத்துவக் காரணத்தால உங்களால குடுக்க முடியாதுன்னு மட்டும் சொல்லுவோம். குடுக்கிறவங்களுக்கு அந்த உரிமை எப்பவும் உண்டு."

நான் வேண்டாம் என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அந்தச் சொல்.

வெளியே வந்தேன். தம்பி இரண்டு கையிலும் டீயோடு நின்றுகொண்டிருந்தான். டாக்டர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் உடைந்து அழுதேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணைத் துடைத்தான்.

"விடுக்கா. குடுக்கணும்னு நினைச்சியே, அதுவே போதும். உடம்பு ஒத்துழைக்கலைன்னா நீ என்ன பண்ணுவ?"

எட்டு மாசமாக யார் கேட்டாலும் அவன் சொல்கிற பதில் ஒன்றுதான்: எங்கக்கா மாதிரி வராது.

இப்போது அது என் மேஜைமேல், என் சட்டப்படியே, தேதியோடு கிடக்கிறது. நான் சரி போட்டால் நேரே தம்பியின் மேஜைக்குப் போகும். அவன் அதை எழுத்தெழுத்தாக அடிப்பான். எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். அட்டையைக் குறுக்கே கிழித்தேன்.

"ஏம்மா, இங்க வா!"

புதுசு ஓடி வந்தாள்.

"இது என்ன கதை? வாக்கியம் கேட்டு எழுதச் சொன்னா சினிமா எடுத்து வச்சிருக்கே? எந்த ஆஸ்பத்திரியில இப்படிப் பொய் சொல்லுவாங்க? வீட்ல உக்காந்து கற்பனை பண்ணி எழுதி, பின்னாடி ஒரு தேதியையும் போட்டா நான் நம்பிடுவேனா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "இல்ல மேடம், நிஜமாவே கேட்டேன். பேரெல்லாம் அவங்க சொல்லல. பொதுவா வீட்ல பேசிட்டிருந்தாங்க..."

"பொய்யைப் பொய்யால மூடாதே. வேற எழுது, போ!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவள் கண்ணில் நீர் தளும்பத் தன் மேஜைக்குப் போனாள். எனக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைத்தேன்.

நான் போட்ட சட்டத்தை நானே மறந்திருந்தேன். சாப்பாட்டு இடைவேளை முடிந்து கை கழுவிவிட்டு வந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் புதுசு நின்றாள். ஒரு கையில் கூடையிலிருந்து பொறுக்கிய அட்டைத் துண்டுகள், மறு கையில் அந்தச் சின்ன நோட்டு.

"சார், நான் பொய் எழுதல சார். பாருங்க, அன்னிக்கே எழுதி வச்சிருக்கேன். மேலயும் கீழயும் அதே மாசத்துத் தேதிதான் இருக்கு. எல்லார் முன்னாடியும் பொய்யின்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பெண் பாவம், தன் மானத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியம் பொய் என்று நான் கத்தாமல் இருந்திருந்தால் அந்த நோட்டு அவனிடம் போயிருக்காது. என் வாயே எனக்குக் குழி தோண்டிவிட்டது.

நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி துண்டுகளைச் சேர்த்து வைத்து வாசித்தான். நோட்டை வாங்கினான். விரலை வைத்துத் தேதியைப் பார்த்தான். விரல் அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு நோட்டைப் பத்திரமாக மூடி அவளிடம் கொடுத்தான்.

"நீ கேட்டதுதான்மா இது. அழாத," என்றான்.

தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். அவன் பார்க்கவே இல்லை. சாயங்காலம் எப்போதும் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். அன்று நான் பையை எடுப்பதற்குள் அவன் கிளம்பிப் போயிருந்தான். என் மேஜையில் அட்டை இருந்தது. டேப் போட்டு ஒட்டி, ஓரத்தில் நீல மையில் அவனுடைய சரி. அப்பீல் ஏற்கப்பட்டது என்று அர்த்தம்.

பொருளில் மட்டும் ஒரு திருத்தம் செய்திருந்தான். 'கோழைத்தனமாக' என்பதை அடித்துவிட்டு, மேலே 'பயந்து' என்று எழுதியிருந்தான். பயந்து பின்வாங்கு. கீழே எதிர்மறை வாக்கியத்துக்கான இடம் காலியாக இருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'இன்னும் கிடைக்கவில்லை' என்று குறித்திருந்தான்.

வீட்டுக்குப் போனால் மாடிக் கதவு சாத்தியிருந்தது. தட்டக் கை வரவில்லை. அங்கேயும் பின்வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் புதன், டயாலிசிஸ் நாள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீளமான அறையில் பத்துக் கட்டில், பத்து மெஷின். ஜன்னலோரக் கட்டிலில் அவன் படுத்திருந்தான். கையிலிருந்து குழாயில் ரத்தம் போய், சுத்தமாகித் திரும்பி வந்துகொண்டிருந்தது. நாலு மணி நேரம் அவனால் எழுந்து போக முடியாது. அந்தத் தைரியத்தில்தான் நான் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வந்துட்டியா," என்றான்.

"அந்த அட்டை..."

"தேதியைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு வெளியில ரெண்டு டீயோட நின்னது நான்தானே?"

கட்டிலோரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"எட்டு மாசம்க்கா," என்றான். குரல் உயரவே இல்லை. "எட்டு மாசமா நான் உனக்கு ஆறுதல் சொல்லிட்டிருந்தேன். நீ ஒரு வேளை சரியா சாப்பிடலைன்னா எனக்கு மனசு அடிச்சுக்கும். பாவம், குடுக்க முடியலையேன்னு உள்ளுக்குள்ளயே உருகுறியேன்னு நினைச்சேன். நீ குடுக்காதது கூடப் பரவாயில்ல. அது உன் உடம்பு. என் முன்னாடி அழுதியே, நான் கண்ணைத் துடைச்சேனே, அதை நினைச்சாதான் வயிறு எரியுது."

"திட்டுடா. நல்லாத் திட்டு என்னை."

"திட்டிட்டுத்தான் இருக்கேன். சத்தமா திட்டினா பிரஷர் ஏறும். மெஷின் கத்தும், நர்ஸ் வந்துடுவாங்க."

சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. ஒரு கை குழாயில் மாட்டியிருந்தது, மறு கையால் அவன் துடைத்துக்கொள்ளவில்லை. நான் துடைக்கக் கை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்னைப் பளாரென்று அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்புறம் ஏன்டா 'கோழைத்தனமாக'ன்னு இருந்ததை அடிச்ச?"

"உனக்காக அடிச்சேன்னு நினைச்சியா? பொருள் தப்பு, அதனால அடிச்சேன்." ஊசி குத்தியிருந்த இடத்தை மோவாயால் காட்டினான். "மூணு வருஷமா வாரத்துக்கு மூணு தடவை குத்துறாங்க. ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக்கி மூடிக்கிறேன். பயந்தவன் எல்லாம் கோழைன்னா முதல் ஆளு நான்தான். அது பயந்து விலகுறது, அவ்வளவுதான். விலகினவங்க நாளைக்கே திரும்பி வரலாம். கோழைன்னு அச்சடிச்சுட்டோம்னா அவங்க திரும்பி வர வழியே இல்லாமப் போயிடும்."

நான் பையிலிருந்து அட்டையை எடுத்தேன்.

"இந்தக் காலி இடத்துல..."

"நீ எழுதக் கூடாது," என்றான் சட்டென்று. "யாராவது சொல்லணும். காதுல விழணும். தேதி வேணும். சட்டம் போட்டது யாரு?"

நான் போட்டதுதான்.

அங்கிருந்து நேரே இரண்டாவது மாடிக்குப் போனேன். அதே அறை, அதே அதிகாரி அம்மாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"பயம் போயிடுச்சா?"

"இல்லம்மா. அன்னிக்கு இருந்ததைவிட இப்ப ஜாஸ்தியா இருக்கு. படிவத்தைக் குடுங்க."

"அவசரப்படாதீங்க. யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"ஆமா, நானேதான்," என்றேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், எந்த நிமிஷமும் வேண்டாம் என்று சொல்லலாம் என்றார்.

வியாழக்கிழமை ஆபீசில், எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, புதுசின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"நீ எழுதினது நிஜம். உன்னைப் பொய்க்காரின்னு சொன்னேனே, நான்தான் பொய்க்காரி. அந்த அக்கா நான்தான்."

பேனா ஒன்று தரையில் விழுந்து உருண்டது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள் புதுசு. எங்கள் அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் எழுந்து மறுபடி உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது.

"மேடம், எனக்குத் தெரியாது... சத்தியமா தெரியாது... எங்க ஓரகத்திக்கு வேலை போயிடும் மேடம்!"

"நான் யாரையும் காட்டிக்குடுக்கப் போறதில்ல. ஆஸ்பத்திரி விஷயத்தை வீட்ல பேசக் கூடாதுன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லி வை. நீ நோட்டைத் தயாரா வச்சுக்கோ."

அவளுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

பரிசோதனைகள் முடிய நாலு வாரம் ஆயிற்று. அந்த நாலு வாரமும் தம்பி என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டை வாங்கிக்கொள்வான், பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவான். மன்னித்துவிட்டான் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. ஆபரேஷனன்று காலையில் அவனை எனக்கு முன்பே தயார் செய்து வைத்திருந்தார்கள். என் ஸ்ட்ரெச்சர் அவன் கட்டிலைத் தாண்டிப் போனது. அவன் என்னைப் பார்த்தான். "அக்கா," என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. எட்டு மாசம் அவன் சொன்ன ஆறுதலை எல்லாம்விட எனக்கு அது பெரிதாக இருந்தது.

ஆபரேஷன் அறையின் கதவு தெரிந்ததும் பழைய பயம் திரும்ப வந்தது. ஏழாவது விதி சொல் மாறாமல் மனசுக்குள் ஓடியது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார்கள். கூடவே ஃபைலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் சிறுநீரக மாற்றுப் பிரிவு, உதவியாளர் என்று இருந்தது. வாசிக்கிற வியாதி எனக்கு அப்போதும் விடவில்லை.

அவள் கையை எட்டிப் பிடித்தேன். என் கை ஐஸாக இருந்திருக்க வேண்டும், திடுக்கிட்டுக் குனிந்தாள்.

"என்னம்மா? பயமா இருக்கா? வேண்டாமா?"

"இன்னிக்கு என்ன தேதி?"

சொன்னாள்.

"சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லும்மா. நானே அனுமதி குடுக்கிறேன். அந்த அக்கா கதவு வரைக்கும் வந்தும் சிக்கன் அவுட் பண்ணலைன்னு சொல்லு. உன் ஓரகத்தி நோட்டும் கையுமா காத்திட்டிருப்பா."

அவள் பேயறைந்தவள் போல நின்றுவிட்டாள். ஃபைல் கையிலிருந்து சரிந்து காகிதங்கள் தரையெல்லாம் பரவின. யாரோ கதவைத் திறந்தார்கள். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.